இலக்கியத்தைப் படித்துவிட்டு வரையும் சமகால ஓவியர்களில் உங்களைப் பாதித்தவர் யார்? பத்திரிகைக் கதைக்குப் படம் போடுவதும் இதுவும் ஒன்றுதானே?

ஆன்செல்ம் கீஃபர். ஜெர்மன்காரர், 1945 மார்ச்சில் பிறந்தவர். முதல் கேள்விக்கு இது போதும். இரண்டாவதற்கு "இல்லை" என்று ஒரே வார்த்தையில் சொல்லிவிடலாம். ஆனால் அந்த ஒரு வார்த்தைக்கு வந்துசேர எனக்கே ரெண்டு மூணு வருஷம் ஆனது. அதனால் பதில் நீளும், பொறுத்துக்கொள்ளுங்கள்.

நான் ஓவியக் கல்லூரியில் படித்தவன் இல்லை. கொரடாச்சேரி பக்கம் கிராமம். ஒன்பது மா குத்தகை நிலம், ரெண்டு மாடு. பத்தாவது முடித்த கையோடு திருவாரூரில் ஒரு போர்டு ஆர்ட்டிஸ்டிடம் எடுபிடியாகப் போனேன். முதலில் தகரத்துக்கு ரெட் ஆக்சைடு அடிப்பது, அப்புறம் நூல் பிடித்துக் கோடு போடுவது, ரொம்ப நாள் கழித்துத்தான் எழுத்து. உரக்கடை, ரைஸ்மில், கட்சிச் சுவர் எல்லாம் எழுதியிருக்கிறேன். ஃப்ளெக்ஸ் வந்ததும் பிரஷை எண்ணெயில் ஊறப்போட்டதோடு சரி. இப்போது கம்ப்யூட்டரில், கோரல் டிராவில் கண்ணீர் அஞ்சலியும் மஞ்சள் நீராட்டு விழாவும் செய்கிறேன். ரெண்டையும் ஒரே நாளில் ஒரே ரோஜாப்பூ பார்டருக்குள் அடைத்த அனுபவம் உண்டு, அது வேறு கதை.

இதையெல்லாம் சொல்லக் காரணம், கீஃபர் படத்தில் என் கண் முதலில் போனது எழுத்துக்கு.

2020 ஊரடங்கு. கல்யாணம் இல்லை, திருவிழா இல்லை, பேனர் வேலை அடியோடு நின்றுபோனது. ராத்திரியெல்லாம் போனில் ஓவியங்களைத் தள்ளித் தள்ளிப் பார்த்துக்கொண்டிருந்தேன். அப்படி வந்து நின்றதுதான் 'மார்கரேத்தே'. 1981இல் செய்தது. ஒன்பதடிக்கு மேல் உயரம், பன்னிரண்டடிக்கு மேல் அகலம். நம் கணக்கில் சுமாரான ஒரு கல்யாண பேனர். அழுக்கு வெளுப்பும் சாம்பலுமான பின்னணியில் கீழிருந்து வைக்கோல் தாள்கள் வளைந்து வளைந்து எழும்புகின்றன. வரைந்த வைக்கோல் இல்லை, நிஜ வைக்கோலையே ஒட்டியிருக்கிறார். சில தாள்களின் நுனியில் மெழுகுவத்தி மாதிரி சுடர். குறுக்கே, கையெழுத்தில், 'மார்கரேத்தே' என்று ஒரு பெயர்.

அந்தக் கையெழுத்துதான் என்னைத் தொந்தரவு பண்ணியது. எங்கள் தொழிலில் அப்படி எழுதியிருந்தால் மாஸ்டர் மண்ணெண்ணெய்த் துணியால் துடைத்துவிட்டு "திரும்ப எழுதுடா" என்றிருப்பார். அளவு கிடையாது, அழுத்தம் கிடையாது, பள்ளிக்கூடப் பையன் நோட்டில் எழுதின மாதிரி இருக்கிறது. உலகம் கொண்டாடுகிற ஓவியருக்கு ஒரு பெயரை ஒழுங்காக எழுத வராதா? ரெண்டு நாள் இதே யோசனை. அப்புறம் அந்தப் பெயர் வந்த கவிதையைத் தேடிப் பிடித்தபோது விஷயம் பிடிபட்டது. கவிதையில் அது ஒருவன் கடிதத்தில் எழுதுகிற பெயர். கடிதத்தில் யார் நூல் பிடித்து எழுதுவார்கள்?

கவிதை பால் செலானுடையது. செலான் 1920இல் செர்னோவிட்ஸ் நகரத்தில் பிறந்த யூதர். அன்றைக்கு அது ருமேனியா, இன்றைக்கு உக்ரைன். அம்மா அவருக்கு ஊட்டிய மொழி ஜெர்மன். அந்த அம்மாவையும் அப்பாவையும் நாஜி முகாம் கொண்டுபோனது. தாயைக் கொன்றவன் பேசியதும் தாய் பேசியதும் ஒரே மொழி. செலான் கடைசிவரை அதிலேயே எழுதினார், 1970இல் பாரிஸில் சேன் நதியில் இறந்துபோனார். இந்தக் கவிதைக்கு 'டோடெஸ்ஃபூகெ' என்று தலைப்பு. சாவின் ஃபியூக். ஒரே அடியைப் பல குரல்கள் மாற்றி மாற்றி எடுத்துக்கொண்டு ஒன்றையொன்று துரத்துகிற மேற்கத்திய இசை வடிவம் ஃபியூக். கவிதையும் அப்படித்தான் போகிறது. முகாமில் அடைபட்டவர்கள் தங்கள் குழியைத் தாங்களே தோண்டுகிறார்கள். அதிகாரி அவர்களை வாத்தியம் வாசிக்கச் சொல்கிறான். பொழுது சாய்ந்ததும் உள்ளே போய் ஊருக்குக் கடிதம் எழுதுகிறான், பொன் கூந்தல் மார்கரேத்தேவுக்கு. அந்தப் பெயர் வரும்போதெல்லாம் எதிர்க்குரலாக இன்னொரு பெயர் வருகிறது: சாம்பல் கூந்தல் சூலமித். முதலாமவள் ஜெர்மன் கவி கதேயின் 'ஃபவுஸ்ட்' நாடகத்துப் பெண்ணை நினைவுபடுத்துகிறாள். இரண்டாமவள் விவிலியத்தின் உன்னதப்பாட்டில் வருகிறவள்.

இந்தக் கவிதையை என் கையில் கொடுத்துப் படம் போடச் சொல்லியிருந்தால் முள்வேலி, வயலின், பூட்ஸ் போட்ட அதிகாரி, மூலையில் புகைபோக்கி என்று போட்டிருப்பேன். கீஃபர் படத்தில் ஆளே கிடையாது. பொன் கூந்தலா, இந்தா வைக்கோல். அவ்வளவுதான். சாம்பல் கூந்தலுக்கு 1983இல் 'சூலமித்' என்று இன்னொரு படம் செய்தார். கரிபிடித்த செங்கல் வளைவுகளும் தாழ்ந்த கூரையுமாக ஒரு மண்டபம் உள்ளே உள்ளே போகிறது. அதன் கோடியில் ஏழு சின்னச் சுடர்கள். அந்த மண்டபம் அவர் கற்பனை இல்லை. ஜெர்மன் படைவீரர்களுக்காக நாஜி காலத்தில் வில்ஹெல்ம் க்ரைஸ் என்ற கட்டடக் கலைஞர் திட்டம் போட்ட நினைவு மண்டபம். கொன்ற பக்கத்துக்காரர்களுக்கு நினைத்த மண்டபத்தை எடுத்துச் செத்தவளுக்குக் கொடுத்துவிட்டார். அவள் பெயர் மேலே இடது மூலையில் சின்னதாக இருக்கிறது. தேடிப் பார்த்தால்தான் கண்ணில் படும்.

இவ்வளவும் படித்துத் தெரிந்துகொண்டது. படம் உண்மையில் புரிந்தது அம்மாவிடம் காட்டியபோது.

மாட்டுக்கு வைக்கோல் உதறிப் போட்டுக்கொண்டிருந்தாள். போனை எட்டப் பிடித்துப் பார்த்தாள்.

"கையறுப்பு வைக்கலுடா இது."

"எப்படிம்மா சொல்ற?"

"தாளப் பாரு, எம்புட்டு நீளம். மிஷின் வைக்கல்னா நொறுங்கிப் போயிருக்கும். இதுல பிரி திரிக்கலாம்."

வெளியூர்க்காரர்களுக்காக: இப்போது டெல்டாவில் குறுவை, சம்பா, தாளடி எதுவானாலும் அறுப்பது மிஷின்தான். வயலில் விழுகிற வைக்கோல் நைந்துபோய்த்தான் விழும், அதை இன்னொரு மிஷின் வந்து உருளையாகச் சுருட்டிக் கட்டிவிட்டுப் போகும். முன்பு அரிவாளால் அறுத்துக் களத்தில் கட்டடித்தபோது தாள் முழுசாக இருக்கும். அதை ஒரு பிடி எடுத்து, திரித்துத் திரித்து, தீரத் தீர அடுத்த பிடியைச் சேர்த்துக் கயிறாக நீட்டுவதுதான் பிரி. கட்டுக் கட்ட, போரை இழுத்துப் பிடிக்க எல்லாவற்றுக்கும் அதுதான். அம்மா பேசிக்கொண்டே கீழே கிடந்ததில் நீளமாக நாலு தாளைப் பொறுக்கித் திரித்துக் காட்டினாள். பெண்பிள்ளைக்குத் தலை வாரும்போது முடியைக் கொஞ்சம் கொஞ்சமாக வாங்கிச் சேர்க்கிற அதே விரல் வேலை. கீஃபரைப் பற்றி நான் படித்த கட்டுரைகளில் வைக்கோல் கூந்தலுக்கு உவமை, ஜெர்மன் மண்ணுக்குக் குறியீடு என்றெல்லாம் இருந்தது. அம்மாவுக்கு உவமையே தேவைப்படவில்லை.

அடுத்து 'சூலமித்'தைக் காட்டினேன்.

"காளவாயா?"

செங்கல் சூளையை எங்கள் பக்கம் அப்படித்தான் சொல்வோம். "இல்லம்மா" என்று கவிதைக் கதையைச் சொன்னேன். முகாம், கடிதம், ரெண்டு பெண்கள், ஒருத்தி முடி சாம்பல். வைக்கோல் உதறுவதை நிறுத்திவிட்டுக் கேட்டாள். முடிந்ததும் கொஞ்ச நேரம் பேச்சில்லை.

"வெண்மணி எரிஞ்சப்ப எனக்கு எட்டு வயசு. தாத்தா நாலஞ்சு ராத்திரி எங்க யாரையும் கூரைக்குக் கீழ படுக்கவிடல. மார்கழிப் பனியில வைக்கப்போர் ஓரமாத்தான் கெடந்தோம்."

இவ்வளவு வருஷத்தில் என்னிடம் அவள் சொல்லாதது.

கீழ்வெண்மணி எங்கள் ஊரிலிருந்து பைக்கில் போய்விட்டு மத்தியானச் சாப்பாட்டுக்குத் திரும்பக்கூடிய தூரம். 1968 டிசம்பர் 25 இரவு, கூலி நெல்லை அரைப்படி உயர்த்திக் கேட்ட போராட்டத்தின் தொடர்ச்சியாக, ஒரு குடிசைக்குள் ஒளிந்துகொண்ட 44 பேரை வெளியிலிருந்து தீ வைத்துக் கொன்றார்கள். தலித் கூலிக் குடும்பங்கள். பெரும்பாலும் பெண்கள், பிள்ளைகள், வயசானவர்கள். கீழ்க்கோர்ட்டில் தண்டனை பெற்ற நிலக்கிழார்கள் ஹைகோர்ட்டில் விடுதலையானார்கள். இதை வைத்து நாவல் உண்டு, கவிதை உண்டு, மேடைப்பாட்டு உண்டு.

ரெண்டு கொடுமையையும் தராசில் வைக்க நான் வரவில்லை. செலான் கவிதையை முள்வேலியும் பூட்ஸுமாக வரைந்திருந்தால் அம்மா "பாவம்" என்று சொல்லிவிட்டுப் போனைத் திருப்பிக் கொடுத்திருப்பாள், அவ்வளவுதான் எனக்குத் தெரியும். வைக்கோலும் கரியுமாக இருந்ததால்தான், ஜெர்மன் என்ற ஒரு மொழி இருப்பதைப் பற்றிக் கவலைப்படாத ஒருத்திக்கு உள்ளே போக வழி கிடைத்தது. உங்கள் இரண்டாவது கேள்விக்கு என் பதில் இந்த இடம்தான். கதைப்படம் கவிதையில் நடப்பதைக் காட்டும். கீஃபர் அந்தக் கவிதை எந்தப் பொருளால் ஆனது என்று தேடிப் போயிருக்கிறார்.

பத்திரிகைப் படத்தை மட்டமாகச் சொல்லிவிட்டேன் என்று சண்டைக்கு வந்துவிடாதீர்கள். 'பொன்னியின் செல்வன்' 1950இல் 'கல்கி'யில் தொடராக வர ஆரம்பித்தபோது மணியம் போட்ட முகம்தான் எங்கள் வீட்டுக்கு இன்னும் வந்தியத்தேவன். சினிமாவே வந்து பார்த்தும் அது மாறவில்லை. கோபுலு தஞ்சாவூரில் பிறந்தவர். 'தில்லானா மோகனாம்பாள்' தொடருக்கு அவர் போட்ட படங்களில் நாயனக்காரர் உட்கார்ந்திருக்கும் தோரணையை நேரில் பார்த்தவன்தான் அப்படிப் போட முடியும். கி.ரா.வின் 'கரிசல் காட்டுக் கடுதாசி'க்கு ஆதிமூலம் போட்ட கோடுகளோ கதையை எடுத்துவிட்டாலும் தனியாக நிற்கும். (இது என் வாதத்திலேயே ஓட்டை என்று தெரிகிறது. இருக்கட்டும்.)

இன்னொன்று. எழுத்து முதலில் வரும், படம் அதன் பின்னால் கைகட்டி வரும் என்ற நினைப்பே காவிரிக்கரையில் செல்லாது. தஞ்சாவூர்ப் பெரிய கோயில் கருவறையைச் சுற்றிய உள்சுற்றில் நாயக்கர் காலப் பூச்சுக்குக் கீழே சோழர் ஓவியங்கள் ஒளிந்திருப்பதை 1931இல் எஸ். கே. கோவிந்தசாமி கண்டுபிடித்தார். அதில் சுந்தரர் கதை இருக்கிறது. கல்யாணத்தன்று கிழவர் வேஷத்தில் சிவன் ஓலையோடு வந்து "நீ எனக்கு அடிமை" என்று வழக்காடுகிறாரே, அந்தக் கட்டம். முடிவில் சுந்தரர் வெள்ளை யானையில் கயிலைக்குப் போகிறார். பெரியபுராணத்துக்குப் போட்ட படம் என்றுதான் யாரும் நினைப்போம். ஆனால் கோயில் குடமுழுக்கு 1010இல். சேக்கிழார் எழுதியது இரண்டாம் குலோத்துங்கன் காலத்தில், பன்னிரண்டாம் நூற்றாண்டில். சுவரில் இருக்கும் சுந்தரர் சேக்கிழாரின் சுந்தரரைவிட நூறு வருஷத்துக்கு மேல் மூத்தவர். சுந்தரரே பாடியதும் ஊர் வாயில் இருந்ததும்தான் அந்த ஓவியனுக்குக் கிடைத்திருக்க வேண்டும். பெரிய காவியம் பிறகு வந்து சேர்ந்துகொண்டது.

போர்டு எழுதியவன் என்ற முறையில் எனக்கு இன்னும் நெருக்கம் திருவாரூர். தியாகராஜர் கோயில் தேவாசிரிய மண்டபத்தின் விதானத்தில் முசுகுந்தன் என்ற புராண ராஜாவின் கதை, பதினேழாம் நூற்றாண்டு ஓவியம். ஒவ்வொரு காட்சிக்கும் தமிழில் விளக்கம் எழுதியிருக்கிறது. ஓவியன் தன் பெயரையும் விட்டுவிட்டுப் போயிருக்கிறான்: சிங்காதனம். வேலைக்குச் சேர்ந்த புதிதில் மத்தியானச் சாப்பாட்டுக்கு அப்புறம் மாஸ்டர் என்னை அங்கே கூட்டிப்போனார். தரையில் மல்லாந்து படுக்கச் சொன்னார். "படத்த அப்புறம் பாரு. மொதல்ல எழுத்தப் பாத்துக்க. நம்ம வேல எத்தன வருஷத்து வேலைன்னு தெரிஞ்சுக்க." அதனால் கீஃபர் கான்வாஸில் வரிகளை எழுதுவதைப் புதுமை என்று யாராவது எழுதினால் எனக்குச் சிரிப்பு வரும்.

கீஃபர் செய்ததெல்லாம் பிடிக்கும் என்று இல்லை. 1969இல் அப்பாவின் ராணுவ உடுப்பைப் போட்டுக்கொண்டு ஐரோப்பாவில் இடம் இடமாக நின்று நாஜி சல்யூட் வைத்துப் படமெடுத்துக்கொண்டார். மறந்துபோன ஜனங்களைக் குத்தத்தான் என்றார்கள். இன்றைக்கும் அதைப் பார்க்க எனக்குக் கூசுகிறது. வயசாக வயசாக எல்லாம் பெரிசாகிக்கொண்டே போகிறது. 2023இல் லண்டனில் ஜேம்ஸ் ஜாய்ஸின் 'ஃபின்னகன்ஸ் வேக்' நாவலை வைத்து ஒரு முழுக் கண்காட்சி நடத்தினார், நாவல் வரிகளைச் சுவரிலெல்லாம் எழுதிவைத்து. படங்களில் தங்க ரேக்கு வேறு. ரேக்கு ஒட்டுவதில் அவர் எங்கள் தஞ்சாவூர்க்காரர்களிடம் ஒரு மாசம் உட்கார்ந்தால் நல்லது. மிகை என்று தோன்றும்போதெல்லாம் அந்த ஒன்பதடி வைக்கோலுக்குத் திரும்பிப் போய்விடுவேன்.

நானும் ஒன்று செய்துபார்த்தேன். இதைச் சொல்லாமல் விட்டால் பதில் முழுசாகாது.

நண்பர்கள் வெண்மணியைச் செய் என்றார்கள். அம்மாவிடம் சொன்னேன். "வைக்கல ஒட்டி, அதக் கொளுத்திக் காட்டப்போறியா?" என்றாள். என்னிடம் பதில் இல்லை, இப்போதும் இல்லை. அதனால் காவிரிக்குப் போனேன். சிலப்பதிகாரத்துக் கானல்வரியில் ஒரு இடம்:

உழவர் ஓதை மதகுஓதை உடைநீர் ஓதை தண்பதங்கொள்
விழவர் ஓதை சிறந்துஆர்ப்ப நடந்தாய் வாழி காவேரி

ஓதை என்றால் சத்தம். ஏர் ஓட்டுகிறவன் சத்தம், மதகில் தண்ணீர் விழும் சத்தம், கரையை உடைத்து ஓடும் சத்தம், புதுப்புனல் கொண்டாடுகிறவர்கள் சத்தம். கண்ணால் பார்க்க இதில் ஒன்றுமே இல்லை, முழுக்கக் காதுக்கு. கதைப்படம் போடவே முடியாது என்பதால்தான் தேர்ந்தெடுத்தேன். மேட்டூர் திறக்கும் முன் வாய்க்கால் தூர்வாரிக் கரையில் கொட்டியிருந்த வண்டலில் ரெண்டு சாக்கு அள்ளி வந்தேன். ஆறுக்கு நாலு பிளைவுட். அடியில் ஃபெவிகால் கலந்த வண்டல், மேலே வெறும் வண்டலைக் கெட்டியாக அப்பி, அதில் வைக்கோலை நீரோட்டம் மாதிரி அழுத்தினேன். அந்த இரண்டு அடியையும் கறுப்பு எனாமலில், நூல் பிடிக்காமல், கடிதம் மாதிரி எழுதினேன். சட்டென்று காய்ந்து வெடித்துவிடக் கூடாதே என்று ஈரச் சாக்கைப் போட்டுக் கொட்டகையில் சாய்த்து வைத்தேன்.

ஆறாம் நாள் சாக்கை எடுத்தால் படம் முளைத்திருந்தது.

மிஷின் வைக்கோலில் உதிராத நெல் தங்கியிருக்கும், அதை யோசிக்கவில்லை. மதகு ஓதைக்கும் உடைநீர் ஓதைக்கும் நடுவில் ஒரு சாண் அகலத்துக்குப் பச்சைப் பசேல் என்று நாற்று. அம்மா வந்து பார்த்துவிட்டு, "நாத்தங்காலுக்குப் படம் எழுதுன ஆளு நீதான்டா" என்று சிரித்தவள், போகிறபோது ஒரு செம்புத் தண்ணீரை அதன்மேல் தெளித்துவிட்டுப் போனாள். பத்து நாள் உயிரோடு இருந்தது. அப்புறம் வாடியது. ஐப்பசி மழையில் வைக்கோலில் கறுப்பாகப் பூஞ்சை ஏறி நாற்றமெடுத்தது. கீஃபர் படங்களிலும் வைக்கோல் நிறம் மாறும், உதிரும், அதையும் அவர் படத்தோடு சேர்த்தே கணக்கில் வைத்திருக்கிறார். அந்தத் தைரியம் எனக்கு இல்லை. எடுத்து வெளியே வைத்துவிட்டேன்.

இப்போது அந்தப் பலகை மாட்டுக்கொட்டகையின் வடக்குப் பக்கம் சாரலுக்கு மறைப்பாக நிற்கிறது. வண்டல் முக்கால்வாசி கொட்டிவிட்டது. கீழ்ப்பக்கத்து வைக்கோலை மாடு எட்டின வரைக்கும் இழுத்துத் தின்றுவிட்டது. எழுத்து எனாமல் என்பதால் ஒட்டின இடத்தில் இன்னும் இருக்கிறது. 'மதகுஓதை' கொஞ்சம் கோணல். மாஸ்டர் பார்த்தால் மண்ணெண்ணெய்த் துணியைத் தேடுவார்.